விலை பிறகு, எடை இப்போது: ஹப்புத்தளைக் குறிப்புகள்

ஞாயிறு

எங்கள் அச்சகம் கொழும்பு கொட்டாஞ்சேனையில் இருக்கிறது. கலியாணக் கார்டு, கலண்டர், கடைகளுக்குப் பில் புத்தகம் என்று எது வந்தாலும் அடிப்போம். ஹப்புத்தளைக்குப் பக்கத்தில் உள்ள ஒரு சிறிய தேயிலைத் தொழிற்சாலைக்குக் கொழுந்துச் சிட்டைப் புத்தகம் அடித்துக் கொடுப்பதும் நாங்கள்தான். சொந்தத் தோட்டம் இல்லாத தொழிற்சாலை அது. சுற்றுவட்டாரத்துச் சிறு தோட்டக்காரர்களிடம் பச்சைக் கொழுந்து வாங்கி, தூளாக்கி விற்பதே அதன் பிழைப்பு.

கணக்கெழுதும் பெண் பிரசவ விடுமுறையில் போய்விட்டதாகவும், கொழும்பில் தெரிந்த பிள்ளை யாராவது கிடைக்குமா என்றும் முதலாளி தொலைபேசியில் கேட்டார். ஓகஸ்ட் மாதம் அச்சகத்தில் ஈயோட்டும் காலம். கலண்டர் வேலை சூடு பிடிக்க இன்னும் நாள் இருக்கிறது. "நானே வருகிறேன் அண்ணே, சம்பளம் வேண்டாம்" என்றேன். மறுமுனையில் பேச்சில்லை. சம்பளம் கேட்டிருந்தால் பேரம் பேசியிருப்பார். வேண்டாம் என்றதும் மனிதருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "தேயிலை வியாபாரம் தொடங்குகிற யோசனையா தங்கச்சி?" என்று கேட்டார். "இல்லை, வேறொருவர் கடையில் கல்லாப் பெட்டி எப்படித் திறக்கிறது என்று பார்க்க ஆசை" என்றேன். உண்மையும் அதுதான். ஒரே தொழிலில் நெடுங்காலம் இருந்தால் எது வழக்கம், எது நியாயம் என்ற வித்தியாசம் மங்கிவிடுகிறது.

பஸ் இரத்தினபுரி, பலாங்கொடை தாண்டும் வரைக்கும் வேர்த்தது. ஹல்துமுல்லையில் ஏற்றம் தொடங்கியதும் ஜன்னலை இழுத்துச் சாத்தினார்கள். பெரகலைச் சந்தியில் பாதை பிரிகிறது. ஒரு பக்கம் கொஸ்லந்தை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் மண்சரிவு தோட்டத் தொழிலாளர் வாழ்ந்த லயங்களை மூடிய மீரியபெத்தை அந்தப் பக்கம்தான். பஸ்ஸில் பேசிக்கொண்டு வந்தவர்கள் அந்தச் சந்தியில் கொஞ்சம் குரலைத் தாழ்த்தியது போலத் தோன்றியது. எனக்குத்தான் அப்படித் தோன்றியதோ என்னவோ.

ஹப்புத்தளை 1,400 மீற்றருக்கு மேல் ஒரு மலை முகட்டில் உட்கார்ந்திருக்கிறது. கடைத்தெருவின் இரண்டு பக்கமும் பள்ளம். காற்று ஒரு பக்கத்தால் ஏறி மறுபக்கத்தால் இறங்குகிறது. ஊவாவின் பேர்பெற்ற தேயிலை இந்தக் காற்றில்தான் விளைகிறது. ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை காய்ந்த காற்றும் குளிர்ந்த இரவுமாகச் செடியைப் படுத்தி எடுக்கும்போது கொழுந்தில் ஒரு வாசம் ஏறுமாம். எனக்கு இன்றைக்கு ஏறியது சளி மட்டும்தான்.

திங்கள்

காலையில் எனக்கு ஒரு மேசை, இரண்டு பேரேடு, ஒரு பழைய கணினி, சீனி தூக்கலாக ஒரு பிளேன்டீ ஆகியவற்றைக் கொடுத்தார்கள். பேரேட்டைத் திறந்து அரை மணி நேரம் இருந்திருப்பேன். "அதை வாசித்து ஒன்றும் விளங்காது மகள், கொழுந்து வருகிற நேரம் வாசலில் போய் நில்லுங்கள்" என்றார் டீமேக்கர் ஐயா. தொழிற்சாலைக்குள் நடக்கும் அத்தனைக்கும் பொறுப்பானவருக்கு இங்கே அதுதான் பெயர். முதலாளிகூட அவரை அப்படித்தான் கூப்பிடுகிறார். அறுபதைத் தாண்டியவர். அவருடைய அப்பா ஒரு பெரிய தோட்டத்து ஸ்டோரில், அதாவது தொழிற்சாலையில், கொழுந்தை உருட்டும் ரோலர் ஓட்டியவர்.

வாசல் என்றால் ஒரு கொங்கிறீட் மேடை, மேலே தகரம், சங்கிலியில் தொங்கும் மின் தராசு. பதினொரு மணிக்கு மேல் லொறி வந்தது. அதற்குப் பின்னால் மோட்டார் சைக்கிளில் சிலர், தலையில் சாக்கோடு சிலர். சாக்கைக் கொக்கியில் மாட்டுகிறார்கள், எண் துடித்து நிற்கிறது, நிறுக்கும் தம்பி எழுதுகிறான். அதற்கு முன் ஒரு காரியம் செய்கிறான். சாக்கின் வாயை அவிழ்த்து, முழங்கை வரைக்கும் கையை உள்ளே விடுகிறான். அமுக்கிக் கட்டிய சாக்கில் கொழுந்து சூடாகும். சூடான கொழுந்து சிவந்துபோகும். சிவந்தது தூளானால் குடிப்பவருக்குத் தெரியாமல் இருக்கலாம், ஏலத்தில் சுவை பார்ப்பவருக்குத் தெரியும். தம்பி என் கையையும் பிடித்து ஒரு சாக்குக்குள் விட்டான். மேலே குளிர்ச்சி, நடுவில் காய்ச்சல்காரன் நெற்றி. அந்தச் சாக்கு மேடையின் ஓரத்தில் தனியாகக் கொட்டப்பட்டது.

பிறகு தட்டு. ஒரு கைப்பிடி கொழுந்தை வெள்ளைத் தட்டில் பரப்பி மூன்றாகப் பிரிக்கிறார் ஒரு அக்கா. இரண்டு இலையும் ஒரு மொட்டும் இருப்பவை ஒரு பக்கம், கொஞ்சம் முற்றியவை அடுத்த பக்கம், மொட்டே இல்லாமல் அடைந்துபோனவையும் தண்டும் மூன்றாம் பக்கம். நல்ல கொழுந்து 60 வீதமாவது இருக்க வேண்டும் என்பது தேயிலைத் தொழிலைக் கண்காணிக்கும் அரசின் தேயிலைச் சபை வலியுறுத்தும் அளவு. அக்காவின் விரல் ஓடுகிற வேகத்தைப் பார்த்தால் எங்கள் பைண்டிங் பிள்ளைகள் வெட்கப்படுவார்கள்.

இதெல்லாம் தரம். தரத்தில் யாரும் சண்டை பிடிக்கவில்லை. சண்டை வந்தது எடையில்.

பக்கத்துக் கிராமத்து ஆச்சி ஒருவர், சிங்களமும் தமிழும் கலந்து பேசுகிறவர், 26 கிலோ கொழுந்து கொண்டுவந்தார். தராசு எண்ணை அவர் பார்க்கவில்லை. அது தம்பியின் பக்கம் திரும்பியிருந்தது. அவர் தம்பியின் பேனாவைப் பார்த்தார். சிட்டையில் மொத்தம் 26, கழிவு 2, நிகரம் 24 என்று விழுந்தது. "சாக்கு இரண்டு கிலோவா?" என்றார் ஆச்சி. சாக்குக்கும் தண்ணீருக்கும் சேர்த்து என்றான் தம்பி. ஆச்சி வானத்தைக் காட்டினார். கிழமைக் கணக்கில் மழை இல்லை. காற்றில் மண் பறந்துகொண்டிருந்தது. "பனி" என்றான் தம்பி. அது காலையில் பறித்த கொழுந்துக்குப் பொருந்தும். ஆச்சி பறித்தது வெயில் ஏறிய பிறகு. அவர் அதைச் சொல்லவும் செய்தார். பின்னால் சாக்குகள் வரிசையில் நின்றன, லொறிக்காரன் ஹோர்ன் அடித்தான், ஆச்சி சிட்டையை மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டு போனார்.

அந்தச் சிட்டை நாங்கள் அடித்தது. திகதி, இலக்கம், மொத்தம், கழிவு, நிகரம், கையொப்பம். கழிவுக்கு ஒரே கட்டம். விலைக்குக் கட்டமே இல்லை. என்ன விலை என்று தெரியாமல் சரக்கைக் கொட்டிவிட்டுப் போகிற வியாபாரத்தை நான் முதல்முறையாகப் பார்க்கிறேன். அது ஏன் என்று கேட்டதற்கு, "நாளைக்குச் செவ்வாய்தானே, சொல்கிறேன்" என்றார் முதலாளி.

செவ்வாய்

செவ்வாயும் புதனும் கொழும்பில் தேயிலை ஏலம். 1883இல் தொடங்கியது. 2020இல் கொரோனா ஊரை அடைத்தபோது கணினிக்கு மாறியது, இன்றும் கணினியில்தான் நடக்கிறது. இங்கே ஒரு பெரிய சத்தமும் இல்லை. முதலாளி மேசையில் தொலைபேசியை வைத்துக்கொண்டு அதைப் பார்க்காதது போல இருக்கிறார். தரகர் கூப்பிட்டு, தூளின் ஒவ்வொரு ரகமாக, பி.ஓ.பி. இவ்வளவு, பி.ஓ.பி.எஃப். இவ்வளவு, டஸ்ட் இவ்வளவு என்று சொல்லும்போது ஒரு துண்டுத் தாளில் குறிக்கிறார். முகத்திலிருந்து எதையும் படிக்க முடியவில்லை. நல்ல சூதாட்டக்காரராக வந்திருப்பார்.

இன்றைக்கு விலைபோனது இன்றைய தூள் அல்ல. அரைத்து, சலித்து, தரம் பிரித்து, மாதிரி அனுப்பி, தரகர் சுவை பார்த்து, பட்டியலில் ஏறி, ஏலத்துக்கு வரும்போது வாரங்கள் ஓடிவிடும். ஆகவே கொழுந்து வாங்கும் நாளில் முதலாளிக்கும் விலை தெரியாது. மாதம் முடிந்து, விற்ற தூளின் சராசரி விலை வந்த பிறகு, அதில் 68 வீதம் கொழுந்து கொடுத்தவர்களுக்கு, 32 வீதம் தொழிற்சாலைக்கு. இது முதலாளியின் பெருந்தன்மை அல்ல, சட்டப்படியான சூத்திரம். மேற்பார்வை தேயிலைச் சபையின் ஆணையாளர் பிரிவு. ஏலம் ஏறினால் இரண்டு பேருக்கும் ஏறும், இறங்கினால் இரண்டு பேருக்கும் இறங்கும். 2022இல் ரூபா விழுந்தபோது ஏல விலை ரூபாக் கணக்கில் எகிறியது. அப்போது இந்தச் சூத்திரத்தால் கிராமத்துக்கும் பங்கு போனது. (உரத்தின் விலையும் சேர்ந்து எகிறியது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

எனக்கு இது பிடித்திருந்தது. எங்கள் தொழிலில் தாள் விலை ஏறினால் அச்சகத்தின் தலையில், வாடிக்கையாளர் இழுத்தடித்தால் அதுவும் அச்சகத்தின் தலையில். விலையையும் காத்திருப்பையும் பங்கு போட்டுக்கொள்கிற ஏற்பாடு எவ்வளவு நாகரிகமானது என்று நினைத்துக்கொண்டே பேரேட்டில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அங்கேதான் இடித்தது.

ஒரு கிலோ தூளுக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். தூள் சராசரி 1,200 ரூபா என்று பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 68 வீதம் 816. நாலரையால் வகுத்தால் கொழுந்து கிலோவுக்கு ஏறத்தாழ 181 ரூபா. தொழிற்சாலைக்கு மிஞ்சுவது 384, அதாவது கொழுந்து கிலோவுக்கு 85 ரூபா சொச்சம். விறகு, மின்சாரம், கூலி, தரகு, பை எல்லாம் இதற்குள். சரி. இப்போது ஆச்சியின் சாக்கில் கழித்த இரண்டு கிலோவை எடுங்கள். அது உண்மையிலேயே சாக்கும் தண்ணீரும் என்றால் அதிலிருந்து தூள் வராது, யாருக்கும் நட்டமில்லை. அதில் ஒரு கிலோ கொழுந்தாக இருந்தால்? அந்தக் கிலோவுக்கு ஆச்சிக்குக் காசு இல்லை. ஆனால் அதுவும் ரோலருக்குள் போய்த் தூளாகி ஏலத்தில் விலைபோகிறது. அதன் 266 ரூபாவும் தொழிற்சாலைக்கு. நேர்மையாக வாங்கிய மூன்று கிலோவில் வருவது, கழித்த ஒரு கிலோவில் வந்துவிடுகிறது.

விலையில் கை வைக்கச் சட்டம் விடாது. ஆகவே கை எடைக்குப் போகிறது.

எங்கள் தெருவில் இதை நான் வேறு உருவத்தில் பார்த்திருக்கிறேன். ஆயிரம் தாளுக்கு இன்ன விலை என்று எல்லா அச்சகமும் ஒரே விலை சொல்லும். கூட்டினால் வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார். அதனால் 80 கிராம் தாள் என்று பேசி 70 கிராமில் அடிக்கிற வித்தை வந்தது. விலைச்சீட்டு அழகாக இருக்கும். தாள் மட்டும் மெலிந்துவிடும்.

இந்தத் தொழிற்சாலையில் அது நடக்கிறதா? பேரேடு என்ன சொல்கிறது என்று தேடினேன். வாங்கிய கொழுந்துக்கு எத்தனை வீதம் தூள் கிடைத்தது என்ற கணக்கு எல்லாத் தொழிற்சாலையிலும் இருக்கும். காய்ந்த மாதங்களில் அந்த வீதம் ஏறியிருக்கிறது. திருட்டு என்று துள்ளிக் குதிக்க முடியாது. வெயில் காலத்தில் கொழுந்தில் தண்ணீர் குறைவு, வீதம் இயல்பாகவே ஏறும். கழிவை மழைக்கால வழக்கத்திலேயே விட்டாலும் ஏறும். இரண்டும் ஒரே எண்ணுக்குள் ஒளிந்துகொள்கின்றன. கழிவுக்கு ஒரே கட்டம் போட்ட சிட்டையை வைத்துக்கொண்டு எந்தக் கணக்காளர் வந்தாலும் பிரித்துக் காட்ட முடியாது.

புதன்

இரவு மூன்று மணிக்கு டீமேக்கர் ஐயா கதவைத் தட்டச் சொல்லியிருந்தார். மேல் தளத்தில் நேற்றைய கொழுந்து வலைத் தொட்டிகளில் பரந்து கிடக்கிறது, கீழிருந்து விசிறி ஊதுகிறது. பன்னிரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் வாட வேண்டும், பதினெட்டு வரைக்கும் போகலாம். அவர் கடிகாரத்தை நம்புவதில்லை. ஒரு கைப்பிடியை அள்ளி இறுக்கிப் பிடித்துவிட்டுத் திறக்கிறார். உருண்டை மெதுவாக அவிழ்ந்தால் சரி. தண்டை மடிக்கிறார். ஒடிந்தால் இன்னும் பச்சை.

கீழே ரோலர் ஓடத் தொடங்கியதும் பேச்சு நின்றுவிட்டது. முதல் தூள், இரண்டாம் தூள் என்று சல்லடையில் பிரிந்து தரையில் பரவ, பச்சை செம்பாகிறது. அதன் மேல் குனிந்து மூக்கை வைத்தார், நிமிர்ந்தார், இன்னும் கொஞ்சம் என்று விரலால் காட்டினார். இந்தப் பருவத்து வாசத்தைப் பிடிக்க வேண்டுமென்றால் நேரத்தைக் குறைக்க வேண்டுமாம். தாமதித்தால் நிறம் வரும், வாசம் போய்விடும். டிரையரிலிருந்து வெளியே வந்ததை என் உள்ளங்கையில் கொட்டினார். சுட்டது.

"இதற்கு நாளைக்கு என்று ஒன்று இல்லை மகள்" என்றார். எங்கள் தொழிலில் எல்லாம் நாளைக்குத்தான். தாள் காத்திருக்கும், மை காத்திருக்கும், காத்திருக்காதது மணமகனின் அப்பா மட்டும். கொழுந்து காத்திருக்காததால் விற்பவருக்கும் அவசரம், வாங்குபவருக்கும் அவசரம். பாதி நிறைந்த டிரையருக்கும் விறகு முழுசாகத்தான் எரிகிறது. அதனால்தான் பக்கத்துத் தொழிற்சாலைகளின் லொறிகளும் இதே கிராமப் பாதைகளில் கொழுந்து தேடி ஓடுகின்றன. ஆச்சியிடம் இருக்கிற ஒரே ஆயுதம் அந்த மற்ற லொறிதான்.

வியாழன்

போயா, பௌர்ணமி விடுமுறை. கொழுந்து எடுப்பதில்லை. முச்சக்கர வண்டி பிடித்து லிப்டன் சீட் என்ற மலையுச்சிக்குப் போனேன். போகும் வழியில் தம்பேதன்னைத் தொழிற்சாலை, லிப்டன் 1890இல் கட்டியது. மேலே ஒன்பது மணிக்கே கூட்டம். பத்து மணிக்கு மூடுபனி வந்து எல்லாரையும் சமமாக ஏமாற்றியது. லிப்டன் சிலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ள ஒரு வரிசை. வரிசை இலங்கையில் ஒழுங்காக நிற்பதைப் பார்க்க இவ்வளவு உயரம் ஏற வேண்டியிருக்கிறது.

கிளாஸ்கோவில் மளிகைக் கடை வைத்திருந்தவர் லிப்டன். இடையில் இருந்த வியாபாரிகளை வெட்டிவிட்டுத் தோட்டத்தையே வாங்கி, விலையைக் குறைத்து விற்றார் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். எனக்கு அதைவிடச் சுவாரசியமானது அவருடைய பொட்டலம். கடைக்காரன் பெட்டியிலிருந்து அள்ளி நிறுத்துக் கொடுத்த காலத்தில், ஒரு இறாத்தல், அரை இறாத்தல், கால் இறாத்தல் என்று அடைத்து விற்றார். வாங்குகிற பெண் தராசைப் பார்க்க வேண்டியதில்லை. எடையில் சந்தேகம் தீர்ந்ததையும் சேர்த்துத்தான் அவர் விற்றார் என்பது என் எண்ணம். அச்சடித்த பொட்டலம் என்பதால் எனக்கு இதில் கொஞ்சம் தொழில் அபிமானமும் உண்டு.

ஆனால் லண்டனில் பொட்டலத்துக்கு வந்த அந்த நிச்சயம் இந்த மலையில் கொழுந்துக்கு வரவில்லை. கீழே ரொட்டியும் கட்டைச் சம்பலும் விற்கிற அக்கா முன்பு தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர். நான் தராசைப் பற்றி வாயெடுத்ததுமே சிரித்தார். "2021இல் நாட்சம்பளம் ஆயிரம் ஆனது மிஸ். அதற்குப் பிறகு எடுக்க வேண்டிய கிலோவைக் கூட்டினார்கள். கிலோ குறைந்தால் அரைப் பேர்தான், பாதிச் சம்பளம்." 2024இல் அது 1,350 ஆனபோது அவர் வேலையை விட்டுவிட்டார். "கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் கூடைக்கு ஒரு கழிவு, தண்ணீருக்கு ஒரு கழிவு. கணக்கப்பிள்ளை எழுதினால் எழுதினதுதான்" என்றார். சம்பளத்தை அரசாங்க வர்த்தமானியில் கட்டிப்போட்டால் அது கிலோவில் அவிழ்கிறது. வாசலில் நான் பார்த்தது இங்கே இன்னும் பெரிய அளவில், இன்னும் பழைய காலத்திலிருந்து நடக்கிறது.

இன்னொன்றும் உறுத்தியது. தொழிற்சாலை வாசலில் சாக்கோடு வருகிறவர்களில் பெரும்பாலோர் சிங்களக் கிராமத்தவர்கள். கொழுந்து பறிக்கும் எங்கள் தமிழ் மக்கள் தலைமுறைகளாக இங்கே இருக்கிறார்கள். கொழுந்து விற்கும் நிலையில் இருப்பவர்கள் அவர்களில் சொற்பம். நிலம் இல்லாதவருக்கு 68 வீதமும் இல்லை, 32 வீதமும் இல்லை.

வெள்ளி

நேற்று எழுதி அனுப்பியதைப் படித்துவிட்டு, வியாபாரம் கற்கப் போய் அரசியல் எழுதுகிறாயே என்று ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். தராசு இருக்கும் இடத்தில் இரண்டையும் பிரிக்க எனக்குத் தெரியவில்லை.

இன்றைக்குக் கொழுந்துக் காசு கொடுக்கும் நாள். போன மாதக் கணக்கு. காலை எட்டு மணிக்கே முற்றம் நிறைந்துவிட்டது. ஒவ்வொருவர் கையிலும் ஒரு பொலித்தீன் பை, அதற்குள் மாதம் முழுவதும் சேர்த்த சிட்டைகள். என் வேலை கணினித் தாளில் இருக்கும் மொத்தக் கிலோவை வாசிப்பது. அவர்கள் தங்கள் கூட்டலோடு ஒப்பிட்டுத் தலையாட்டுவார்கள். விலையை வாசித்தபோது ஒரு முணுமுணுப்பும் இல்லை. ஏலம் எப்படிப் போகிறது என்பது எல்லாருக்கும் தொலைபேசியில் தெரிந்திருக்கிறது. ஒருவர் என்னைவிட விவரமாகச் சொன்னார். முணுமுணுப்பு வந்ததெல்லாம் கிலோவுக்குத்தான். "பன்னிரண்டாம் திகதி 31 என்று சிட்டை இருக்கிறது, நீங்கள் 13 என்று வாசித்தீர்கள்" என்றார் ஒருவர். சிட்டையைப் பார்த்தேன். கார்பன் மங்கியிருந்தாலும் 31தான். பேரேட்டில் எழுதியவர் மாற்றிவிட்டிருக்கிறார். அந்த இடத்திலேயே திருத்தி, முதலாளியிடம் கையொப்பம் வாங்கி, காசு கொடுத்தோம். ஐந்து நிமிட வேலை. வரிசையில் அவருக்குப் பின்னால் நின்றவர்கள் அந்த ஐந்து நிமிடத்தையும் கண் கொட்டாமல் பார்த்தார்கள். விளம்பரத்துக்கு நாங்கள் அடிக்கிற பல வண்ணத் துண்டுப்பிரசுரம் எதுவும் அந்த வேலையைச் செய்திருக்காது.

கழிவு நீங்கக் காசு, அதில் முற்பணம் நீங்க, உரக் கடன் நீங்க, தேயிலைப் பொட்டலம் வாங்கியிருந்தால் அதுவும் நீங்க. சிலருக்கு மிஞ்சியது பஸ் காசுக்குக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். உரக் கடன் பற்றிப் பேச்சு வந்ததும் 2021 வந்துவிடுகிறது. இரசாயன உர இறக்குமதியை அரசாங்கம் தடை செய்த வருடம். அந்த வருடமே நவம்பரில் தடை நீங்கியது. ஆனால் செடி மெலிந்தது அடுத்த வருடமும் மெலிந்தே இருந்தது என்கிறார்கள். அப்போது கையில் காசில்லாதவர்களுக்கு இந்த முதலாளி முற்பணம் கொடுத்திருக்கிறார். அந்தக் கடனால்தான் பலர் இன்னும் இந்த வாசலுக்கே வருகிறார்கள். கடன் ஒரு உதவி, ஒரு கயிறும். முதலாளிக்கு அது தெரியும், அவர்களுக்கும் தெரியும். யாரும் வாய் திறந்து சொல்வதில்லை.

வந்தவர்களில் ஒரு தமிழர். லயத்தில் பிறந்தவர். மனைவி குவைத்தில் வீட்டு வேலை செய்து அனுப்பிய காசில் கால் ஏக்கர் சொச்சம் வாங்கித் தேயிலை வைத்திருக்கிறார். அவருடைய சிட்டைகள் மட்டும் வேறு மாதிரி இருந்தன. ஒவ்வொன்றின் பின்புறத்திலும் பென்சிலால் ஒரு எண். வீட்டில் தன் சொந்தத் தராசில் நிறுத்துவிட்டு எழுதியது. மாதக் கடைசியில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டி வைத்திருக்கிறார். "சண்டைக்கு இல்லை மிஸ். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்." அந்தக் கூட்டலை நானும் பார்த்தேன். சாக்கின் எடையைவிட அதிகம். பயப்படும் அளவுக்கு அதிகம் இல்லை. மற்ற லொறிக்கு மாற நினைக்கும் அளவுக்கு இருக்கிறது.

சனி

மதியம் முதலாளி, டீமேக்கர் ஐயா, நான் மூன்று பேரும் காரியாலயத்தில். திங்கட்கிழமையிலிருந்து வேறொரு பெண் வேலைக்கு வருகிறாள். பேரேட்டை ஒப்படைக்கும் முன் இரண்டு விஷயம் சொன்னேன். தராசின் முகத்தைக் கொழுந்து கொண்டுவருகிறவர் பக்கம் திருப்புங்கள். சிட்டையில் கழிவு என்ற கட்டத்தை இரண்டாக்கி, சாக்குக்கு ஒன்று, தண்ணீருக்கு ஒன்று என்று தனித்தனியாக எழுதுங்கள்.

தராசைத் திருப்புவதற்கு உடனே சரி என்றார். அதற்குச் செலவில்லை. கட்டம் பிரிப்பதற்கு மறுத்தார். அவர் சொன்ன காரணம் தட்டிக்கழிப்பு அல்ல. "தங்கச்சி, இரண்டு கட்டம் இருந்தால் ஒவ்வொரு சாக்குக்கும் இரண்டு கேள்வி வரும். தண்ணீர் எவ்வளவு என்பதைத் தம்பியின் கைதான் சொல்கிறது, அதற்கு இயந்திரம் இல்லை. நாற்பது பேர் வெயிலில் நிற்பார்கள். பேசித் தீர்க்கிற நேரத்தில் சாக்குக்குள் கொழுந்து சிவந்துவிடும். அந்த நட்டம் 68 வீதம் அவர்களுக்குத்தானே?" அதில் நியாயம் இருக்கிறது. வெளியிலிருந்து வந்து ஆலோசனை சொல்கிறவர்களுக்கு வரிசையின் நீளம் தெரிவதில்லை.

அதுவரை பேசாமல் இருந்த டீமேக்கர் ஐயா, தண்ணீரைத் தனியாக எழுதினால் தனக்கு வேண்டும் என்றார். எத்தனை ஈரக் கொழுந்து மேலே போகிறது என்று சாயங்காலமே தெரிந்தால் விசிறியை அதற்கு ஏற்ப வைக்கலாம், இரவு மூன்று மணிக்குத் தொட்டுப் பார்த்துத் திகைக்க வேண்டியதில்லை. இத்தனை வருடமும் அந்த எண் சாக்கோடு கலந்து போய்க்கொண்டிருந்ததால் அவர் கேட்கவே நினைக்கவில்லை. மழையில்லாத நாளில் அந்தக் கட்டத்தில் பூச்சியம் விழ வேண்டும் என்பதையும் அவரேதான் சொன்னார், முதலாளியைப் பார்க்காமல், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

சாக்குப் பிரச்சினைக்கு ஒரே ரகச் சாக்கு வாங்கிக் கொடுத்துவிட்டால் எடை எல்லாருக்கும் ஒன்றாகிவிடும் என்று பேச்சு போனது. சாக்குக்கு யார் காசு கொடுப்பது என்பதில் பேச்சு நின்றது.

கடைசியில் முதலாளி ஒரு இணக்கத்துக்கு வந்தார். ஒரு லொறி வரும் பாதைக்கு மட்டும், ஒரு மாதத்துக்கு மட்டும், புதிய சிட்டை. இருபது புத்தகம் அடித்துத் தரச் சொன்னார். நான் அளவுகோலை வைத்துக் கட்டம் போட்டுக் காட்டினேன். பார்த்தார், தாடையைத் தடவினார்.

"அதே தாளா தங்கச்சி? 70 கிராமில் போட்டால் எவ்வளவு குறையும்?"

"குறையும் அண்ணே. ஈரக் கையால் பிடித்தால் கிழியும், அடித் தாளில் எண் விழாது" என்றேன்.

"அப்படியென்றால் 80 போடு. விலையைக் கொஞ்சம் பார்த்துப் போடு."

விலையைக் குறைக்கவில்லை. இரண்டரை மணி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.